வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த வீடு: ஓய்வுபெற்ற தம்பதியர் இளைஞர் ஊழியத்துக்குப் போக முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம், கருங்கல், களியக்காவிளை, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை என்று எந்த ஆலயத்துக்குப் போனாலும், ஞாயிறு ஜெபத்தில் "வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக" என்று ஒரு வரி கட்டாயம் வரும். படிக்கப் போனவர்கள், நர்சிங் வேலைக்குப் போனவர்கள், முதியோர் இல்லங்களில் கேரராகப் போனவர்கள், வளைகுடாவில் கம்பெனி வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த வரியில் அடங்குவார்கள். பெரும்பாலும் இருபது முதல் முப்பது வயதுக்குள் இருப்பவர்கள். அவர்களுக்காக ஜெபிப்பதோடு நில்லாமல், ஓய்வுபெற்ற கணவனும் மனைவியுமாகக் கிளம்பிப் போய், அவர்கள் இருக்கும் ஊரிலேயே ஒரு வீடு எடுத்துத் தங்கி ஊழியம் செய்ய முடியும். நானும் என் கணவரும் அப்படி இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தோம். அவர் மின்வாரியத்தில் இருந்தவர், நான் பள்ளி ஆசிரியை. திரும்பி வந்த பிறகு எங்களைப் போன்ற பல தம்பதியர் கேள்விகளோடு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இந்த ஊழியத்தில் பிரசங்கம் கொஞ்சம்தான். வேளாவேளைக்கு அடுப்பு எரிய வேண்டும், வருகிற பிள்ளை பேசுவதைக் கேட்க இரண்டு பேர் இருக்க வேண்டும், கேட்டது ஊருக்குப் போகக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் பிள்ளைகள் வருவார்கள். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் வீண்.

படி 1: வீட்டில் பேசி முடிப்பது

இருவரில் ஒருவருக்கு மட்டும் அழைப்பு இருந்தால் போகாதீர்கள். கணவர் உற்சாகமாகக் கிளம்பி, மனைவி பேரப்பிள்ளையை நினைத்து அழுதுகொண்டே போன வீடுகளை நான் அறிவேன். அந்த ஊழியம் பாதியில் நிற்கும். மாறாகவும் நடக்கும்.

உட்கார்ந்து பேச வேண்டியவை இவை: வயதான அம்மா அப்பா யாராவது இருந்தால் அவர்களை யார் பார்ப்பது, மகளுக்குப் பிரசவம் வந்தால் திரும்பி வருவதா, நாம் அங்கே இருக்கும்போது இங்கே ஒரு மரணம் நடந்தால் இருவரும் வருவதா, ஒருவர் மட்டுமா. கடைசிக் கேள்வியைத்தான் யாரும் பேச மாட்டார்கள். பேசித்தான் ஆக வேண்டும். இருவருக்கும் திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு, அதைத் தொடக் கூடாது.

ரப்பர் தோட்டம் இருந்தால் வெட்டுக்காரரோடு ஒப்பந்தம், தேங்காய் வெட்டு, வீட்டு வரி, கரண்ட் பில் இவற்றையெல்லாம் யாராவது ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். நிலம், வங்கி சம்பந்தமாக நம்பிக்கையான ஒருவருக்குப் பதிவு செய்த பவர் பத்திரம் எழுதிக் கொடுங்கள். விற்கும் அதிகாரம் இல்லாமல், நிர்வாகம் மட்டும் செய்யும்படி எழுதினால் போதும். உயில் எழுதவில்லை என்றால் போவதற்கு முன் எழுதிவிடுங்கள்.

படி 2: அனுப்பும் சபை, ஏற்கும் சபை

தனியாகக் கிளம்பாதீர்கள். இங்கே ஒரு சபை உங்களை அனுப்ப வேண்டும், அங்கே ஒரு சபை உங்களை ஏற்க வேண்டும். இரண்டுமே எழுத்தில் இருக்க வேண்டும். யாருக்குக் கணக்குச் சொல்வீர்கள், எத்தனை மாதம், செலவு யாருடையது, பிரச்சினை வந்தால் யாரிடம் போவது ஆகிய நான்கும் அந்தக் கடிதத்தில் இருந்தால் போதும்.

நம் பகுதிக்கு இதில் ஒரு வசதி உண்டு. லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்ததிலிருந்து இந்த மண்ணுக்கும் பிரிட்டனுக்கும் சபை உறவு இருக்கிறது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிடீரியன் மரபுகள் சேர்ந்திருப்பதால், அங்கே இங்கிலாந்து திருச்சபை, மெதடிஸ்ட் சபை, ஐக்கிய சீர்திருத்த சபை மூன்றுமே நம்மை உறவாகப் பார்க்கும். உங்கள் சேகரத்தின் போதகரான ஐயரிடமும் பேராய அலுவலகத்திலும் பேசி முறையான அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் சபைக்கு எழுதுங்கள். பதில் வரத் தாமதமாகும், பொறுமையாக இருங்கள். அந்த ஊரில் தமிழ் ஐக்கியமோ மலையாளச் சபையோ இருந்தால் அவர்களுக்கும் எழுதுங்கள்.

இந்த மாதிரி ஊழியத்தை ஒரு முறையாகவே வகுத்து வைத்திருப்பது மோர்மன் சபை என்று அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை. அவர்களிடம் மூத்த தம்பதியர் 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை, சொந்தச் செலவில் போகிறார்கள். இளம் மிஷனரிகளைப் போல வீடு வீடாகப் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவர்களுக்கு இல்லை. இளம் வயதினர் கூடும் இடங்களைப் பார்த்துக்கொள்வது, வகுப்பு எடுப்பது, சமைப்பது, பேசுவது இவைதான் வேலை. அவர்களுடைய உபதேசம் வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் காலவரையறை வைப்பது, செலவைத் தாங்களே ஏற்பது, தம்பதியராகவே அனுப்புவது ஆகிய மூன்றும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. 12 மாதத்துக்குக் குறைவாகப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைகள் நம்மை நம்பத் தொடங்கவே பாதி வருஷம் ஆகும்.

படி 3: விசா

எந்த நாடு என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். எனக்குத் தெரிந்த இங்கிலாந்தைச் சொல்கிறேன்.

பார்வையாளர் விசாவில் 6 மாதம் வரை தங்கலாம். இந்தியாவில் ஊழியத்தில் இருப்பவர் அங்கே போய்ப் பிரசங்கிப்பதற்கும், மேய்ப்புப் பணி செய்வதற்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அங்கே ஒரு பதவியை ஏற்கக் கூடாது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் தன்னார்வ வேலை என்றால் மொத்தம் 30 நாளுக்கு மேல் செய்யக் கூடாது. முதலில் ஊரைப் பார்த்துவர இது போதும், ஊழியத்துக்குப் போதாது.

நீண்ட காலத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. தொண்டுப் பணியாளர் விசா 12 மாதம் வரை, சம்பளம் கூடாது. மதப் பணியாளர் விசா 24 மாதம் வரை. இரண்டுக்கும் அங்குள்ள, உரிமம் பெற்ற ஒரு சபையோ நிறுவனமோ ஸ்பான்சர் செய்ய வேண்டும். எல்லாச் சபைகளுக்கும் அந்த உரிமம் கிடையாது, அதனால் முதல் கடிதத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். கணவன் மனைவியில் ஒருவர் முதன்மை விண்ணப்பதாரராகவும் மற்றவர் துணையாகவும் போகலாம். கையிருப்புப் பணம் 28 நாள் கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும், அல்லது ஸ்பான்சர் பொறுப்பேற்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல் தங்குவதால் அவர்கள் அங்கீகரித்த இடத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். சுகாதாரக் கட்டணம் ஆளுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு. இது பெரிய தொகை, ஆனால் இதைக் கட்டிவிட்டால் அரசு மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்கும். பார்வையாளர் விசாவில் போகிறவருக்கு அது கிடையாது, தனியாகக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும்.

கைரேகை கொடுக்கக் கொச்சியோ சென்னையோ போகலாம். நம் பகுதிக்காரர்களுக்குக் கொச்சி வசதி. காவல்துறை நற்சான்றை பாஸ்போர்ட் சேவா வழியாகவே விண்ணப்பித்து வாங்கிவிடலாம். ஏற்கும் சபை இளைஞர் பாதுகாப்புக்காக அதைக் கேட்கும், கேட்கவில்லை என்றாலும் கொண்டுபோங்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகிறவை, அதனால் விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரிட்டிஷ் அரசின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏஜெண்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

வளைகுடாவுக்கு மகனோ மகளோ எடுத்த விசாவில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நாடுகளில் முஸ்லிம்களுக்குச் சுவிசேஷம் சொல்வது சட்ட விரோதம். ஆராதனை அனுமதி பெற்ற வளாகங்களில்தான் நடக்க வேண்டும், கத்தாரில் அதற்கென்றே மெசைமீரில் ஒரு வளாகம் ஒதுக்கியிருக்கிறார்கள். வீட்டில் சாப்பாட்டுக்கு அழைப்பது வேறு, வீட்டை ஆலயமாக்குவது வேறு. உங்களால் அந்தப் பிள்ளைகளின் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. சாமான் கட்டும்போது கசகசாவை எடுத்துவிடுங்கள், வளைகுடா நாடுகள் பலவற்றில் அது தடை செய்யப்பட்ட பொருள். சில வலி மாத்திரைகளும் அப்படித்தான்.

படி 4: உடம்பும் மருந்தும்

பல், கண் இரண்டையும் இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். கண்புரை இருந்தால் ஆபரேஷன் செய்து சில மாதம் கழித்துக் கிளம்பலாம். அங்கே பல்லுக்குச் செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம். நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று மருந்தின் மூலப் பெயரோடு டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். மூன்று மாத மருந்து கையில் இருக்கட்டும். போய் இறங்கிய வாரமே பக்கத்து கிளினிக்கில் குடும்ப மருத்துவரிடம் பெயர் பதியுங்கள். இங்கிலாந்தில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. அவசரத்துக்கு 999, அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111.

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். நம் ஊர் வெயிலில் வாழ்ந்தவர்களுக்கு அந்த இருட்டு மனதை அழுத்தும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே தினமும் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். நல்ல குளிர்க் கோட்டை இங்கே தேடாதீர்கள், அங்கே பழைய பொருள் விற்கும் அறக்கட்டளைக் கடைகளில் மலிவாக, நன்றாகவே கிடைக்கும். முழங்கால் வலி இருப்பவர்கள் மாடிப்படி உள்ள வீட்டைத் தவிர்க்க வேண்டும், அங்கே பழைய வீடுகளில் படுக்கையறையும் குளியலறையும் பெரும்பாலும் மாடியில்தான்.

படி 5: பென்ஷனும் ஓ.டி.பி.யும்

இந்திய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள். வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அது நின்றால் எல்லாம் நிற்கும். ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம். மாநில ஓய்வூதியர்கள் தங்கள் கருவூலத்தில் மாதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். நிதியாண்டில் நீங்கள் இந்தியாவில் இருந்த நாட்கள் 182க்குக் குறைந்தால் வருமான வரிக் கணக்கில் உங்கள் நிலை மாறலாம், ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். இங்கிலாந்தில் ரயிலில் போவதற்கு 60 வயதானவர்களுக்கான தள்ளுபடி அட்டை உண்டு, மூன்றில் ஒரு பங்கு குறையும்.

படி 6: வீடு எடுப்பதும் அடுப்பு மூட்டுவதும்

வீடு ஆலயத்துக்குப் பக்கத்தில் இருப்பதைவிடப் பல்கலைக்கழகத்துக்கோ மருத்துவமனைக்கோ பக்கத்தில், பஸ் போகும் சாலையில் இருப்பது நல்லது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளை இரண்டு பஸ் மாறி வர மாட்டாள். படுக்கையறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, முன்னறை பெரிதாக இருக்கட்டும். வாரம் ஒரு நாள் பத்துப் பதினைந்து பேர் சாப்பிட வருவார்கள் என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி, முதல் வாரமே ஒரு தட்டுப் பலகாரத்தோடு போய்ப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்குப் பிறகு பாட்டு வேண்டாம். தாளிக்கும் புகைக்கே அங்கே புகை அலாரம் அலறும், அதனால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கடுகு போடுங்கள். அலாரத்தை மட்டும் கழற்றாதீர்கள்.

பிரிட்டனுக்குள் இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா போகாது. முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், மிளகாய்த்தூள், புட்டுக்குழல் போகும். மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும். இலங்கைத் தமிழர் கடையில் தேங்காயும் கறிவேப்பிலையும், மலையாளிக் கடையில் மட்ட அரிசியும், உறைந்த மரச்சீனிக் கிழங்கும் வாங்கலாம். ஆப்பிரிக்கக் கடையில் கிழங்கு இன்னும் மலிவு.

சமையலில் ஆடம்பரம் வேண்டாம். பிள்ளைகள் பிரியாணியைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது கஞ்சியும் பயறும், மரச்சீனியும் மீன் குழம்பும், தேங்காய்ச் சம்மந்தியும். அது செலவும் குறைவு. சைவம் சாப்பிடுகிற, வேறு மதத்துப் பிள்ளைகளும் நண்பர்களோடு வருவார்கள், அவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் ஒரு கூட்டோ தீயலோ எப்போதும் இருக்கட்டும். யார் வீட்டுப் பிள்ளை, எந்த சாதி, எந்தச் சபை என்று உங்கள் மேசையில் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. நீங்களும் கேட்கக் கூடாது. நம் ஊரில் இது பேச்சோடு பேச்சாக வந்துவிடும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: சமையல்காரியாகவே நின்றுவிடாதீர்கள். அடுப்படியில் இருந்தால் பேச்சைக் கேட்க முடியாது. கணவர் வெங்காயம் உரிக்கட்டும், கிழங்கு வெட்டட்டும். சாப்பிட்ட பிள்ளைகள் பாத்திரம் கழுவட்டும். சிங்க்குக்குப் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டே பேசும் பிள்ளைதான் மனதில் இருப்பதைச் சொல்லும், மேசையில் எதிரே உட்கார வைத்துக் கேட்டால் "நல்லா இருக்கேன் ஆன்ட்டி" என்பதோடு முடிந்துவிடும்.

படி 7: வாரம் ஓடும் விதம்

ஒரு நாளை நிரந்தரமாக வையுங்கள். எங்களுக்கு அது புதன் மாலை. மழையோ பனியோ, இரண்டு பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும், அந்த நாள் மாறக் கூடாது. மாணவர்களுக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி, மீதி நேரம் வகுப்பும் அசைன்மெண்டும். கேரர் வேலை செய்கிறவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஆகவே நேரத்தைத் தளர்வாக வையுங்கள், ஆறு மணிக்கு வருகிறவரும் ஒன்பதுக்கு வருகிறவரும் இருப்பார்கள். வேதவாசிப்பும் ஜெபமும் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், விருப்பமுள்ளவர்களுக்கு. சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தால் பசியோடு வந்த பிள்ளைக்கு அது கட்டணம் மாதிரி ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களை அங்குள்ள சபைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் போய்விடுவீர்கள், அந்தச் சபை இருக்கும். உங்கள் முன்னறையில் புதுச் சபை தொடங்கும் ஆசை வரலாம், பாராட்டும் கிடைக்கலாம். வேண்டாம். நீங்கள் கிளம்பிய அடுத்த மாதம் அது மூன்றாகப் பிரியும். பல்கலைக்கழகத்துக்கான போதகரை, அதாவது சாப்ளினை, முதல் வாரமே சந்தித்து, நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லையில் பிறந்த நமக்கு மலையாளம் தெரியும் என்பது பெரிய கொடை. அங்கே நர்சிங் பிள்ளைகளில் மலையாளிகள் நிறையப் பேர். கன்னியாகுமரி, தென்கேரளப் பேராயங்கள் 1959இல் பிரிந்திருக்கலாம், பாறசாலைப் பிள்ளையும் குழித்துறைப் பிள்ளையும் அங்கே ஒரே வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் இரண்டு பக்கமும் அழையுங்கள்.

செப்டம்பரிலும் ஜனவரியிலும் புது மாணவர்கள் வந்து இறங்குவார்கள். அந்த முதல் ஆறு வாரம்தான் உங்கள் வேலை அதிகமாகத் தேவைப்படும் காலம். ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வாருங்கள். பஸ் எப்படி, மலிவுக் கடை எது, மருத்துவரிடம் எப்படிப் பெயர் பதிவது என்று கூடவே நடந்து காட்டுங்கள். வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம் என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், இதில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். வீட்டு அட்வான்ஸ் இங்கிலாந்தில் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது, 30 நாளுக்குள் வீட்டுக்காரர் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் கட்ட வேண்டும். இது தெரிந்தாலே பல பிள்ளைகளின் பணம் தப்பும்.

படி 8: எல்லைகள்

விசா விஷயத்தில் ஆலோசனை சொல்லாதீர்கள். பிரிட்டனில் பதிவு பெறாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அன்பினால் சொன்னேன் என்றால் ஏற்க மாட்டார்கள். கேரர் வேலைக்கு வந்து, வேலை கொடுத்தவரின் ஸ்பான்சர் உரிமம் ரத்தாகி, புது ஸ்பான்சரைத் தேடப் பொதுவாக 60 நாள் மட்டும் கிடைத்து அழுகிற பிள்ளைகள் வருவார்கள். வெளிநாடுகளிலிருந்து புதிதாகக் கேரர்களை எடுப்பதும் 2025 ஜூலையில் நின்றுவிட்டது. அவர்களைப் பதிவு பெற்ற ஆலோசகரிடமோ சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அலுவலகத்துக்கோ நீங்களே கூட்டிப் போங்கள். காத்திருக்கும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அது போதும், அதுவே பெரிது.

கடன் கொடுக்காதீர்கள். நிலத்தை அடகு வைத்து வந்த பிள்ளை கேட்கும்போது மனம் உருகும். ஆனால் கடன் வாங்கிய பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கத் தயங்கி வராமல் போய்விடும். அரிசி வாங்கிக் கொடுங்கள், பஸ் பாஸ் எடுத்துக் கொடுங்கள், திருப்பிக் கேட்காத சிறு தொகையை சபை வழியாகக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஏற்கும் சபையின் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் கட்டாயம் உட்காருங்கள். கதவை மூடிய அறையில் தனியாக ஒரு பிள்ளையோடு பேச வேண்டாம். என் கணவர் பையன்களோடு பேசப் பூங்காவில் நடப்பார், பெண் பிள்ளைகள் என்றால் நான் இருப்பேன்.

படி 9: வாயைக் காப்பது

இதுதான் இந்த ஊழியத்தின் உயிர். நீங்கள் போய் இறங்கிய செய்தி தெரிந்ததும் ஊரிலிருந்து போன் வரும். "அவன் சிகரெட் குடிக்கிறானா அக்கா?" "அவளோடு யாரோ ஒரு பையன் சுற்றுகிறானாம், உண்மையா?" "ஞாயிறு கோயிலுக்கு வருகிறானா?" கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, மகனை அனுப்பிவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கும் தாய்மார்கள். உங்களுக்குப் பழக்கமானவர்கள், ஒருவேளை உங்கள் சொந்தக்காரர்கள்.

ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். "பிள்ளைகளைப் பற்றி நாங்கள் யாரிடமும் பேசுவதில்லை என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் விசாரித்ததாக அவனிடம் சொல்கிறேன், அவனே கூப்பிடுவான்." நல்ல செய்தியையும் சொல்லாதீர்கள். ஒரு தாய்க்கு "நல்லா இருக்கான், கோயிலுக்கு வருகிறான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தாய்க்கு "நான் சொல்ல முடியாது" என்றால், அந்த மௌனமே செய்தியாகிவிடும். போகும் முன்பே உங்கள் சபையில் இதை வெளிப்படையாக அறிவித்துவிட்டால் பாதி போன் குறையும்.

கல்யாண விசாரணையும் வரும். "அந்தப் பெண் எப்படி, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பீர்களே?" இதற்கும் அதே பதில். நீங்கள் நல்லதாகச் சொல்லி ஒரு கல்யாணம் நடந்தாலும், மற்ற பிள்ளைகளுக்கு நீங்கள் விசாரிக்கப்படும் ஆள் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு புதன்கிழமை வருகிறவர்கள் நல்ல பிள்ளைகளாக நடிக்க வருவார்கள்.

உங்களிடம் வரும் விஷயங்கள் பெரியவை. பரீட்சையில் தோற்றதை வீட்டில் சொல்லாமல் ஒரு வருஷம் ஓட்டுகிறவன், நர்ஸ் வேலையில் மன உளைச்சலால் தினமும் அழுகிறவள், வேறு மதத்துப் பெண்ணை விரும்புகிறவன், விசுவாசமே போய்விட்டது என்று சொல்கிறவன். உடனே வசனம் சொல்லாதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். "வீட்டில் நீயே சொல்ல நான் உன்னோடு உட்காரட்டுமா மக்கா?" என்று கேட்கலாம். வீட்டுக்கு வீடியோ காலில் அவன் பேசும்போது பக்கத்தில் இருக்கலாம். சொல்வது அவனாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது அவர்களைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ ரகசியம் கிடையாது, அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தற்கொலைப் பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 999. பேச ஆள் வேண்டும் என்றால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 எண்ணில் எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். சபையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

படி 10: உங்கள் இருவரையும் காப்பது

வேலைக்குப் போன காலத்தில் பகல் முழுக்கப் பிரிந்திருந்த கணவனும் மனைவியும் ஒரு சின்ன வீட்டில் நாள் முழுக்க ஒன்றாக இருப்பது எளிதில்லை. வாரம் ஒரு நாள் கதவு மூடியிருக்கட்டும், பிள்ளைகளுக்கும் அந்த நாளைச் சொல்லுங்கள். வெளியூர் போய்ச் சுற்றுங்கள். பேரப்பிள்ளைகளோடு பேசும் நேரத்தை நிச்சயம் செய்து அதை ஊழியத்துக்காகக்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்ட துயரங்களை வெளியே சொல்ல முடியாததால் இருவருக்குள்ளும் அது கனக்கும். எங்களுக்கு அந்தச் சபையின் போதகரே மாதம் ஒருமுறை உட்கார்ந்து கேட்பார், பிள்ளைகளின் பெயர் சொல்லாமல் பேசுவோம். அப்படி ஒருவரை நீங்களும் தேடிக்கொள்ளுங்கள்.

படி 11: ஒப்படைத்துவிட்டு வருவது

கிளம்ப மூன்று மாதம் முன்பே பிள்ளைகளிடம் தேதியைச் சொல்லுங்கள். அடுத்த தம்பதியர் வருவதாக இருந்தால் ஒரு மாதமாவது சேர்ந்திருங்கள். வராவிட்டால் அங்கேயே வேலையில் நிலைத்துவிட்ட இளம் குடும்பம் ஒன்றிடம் புதன்கிழமையைக் கொடுங்கள், பெரிய குக்கரையும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள்: உன்னைப் பற்றிப் புதியவர்களிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது. எதுவும் சொல்ல வேண்டாம் என்றால் பெயரும் போன் எண்ணும் மட்டும், அதுவும் அவர்கள் சம்மதித்தால்.

திருவனந்தபுரத்தில் இறங்கி வீடு வந்து சேர்ந்த முதல் ஞாயிறே, ஆராதனை முடிந்ததும் தாய்மார்கள் உங்களைச் சுற்றி நிற்பார்கள். பிள்ளைகள் கொடுத்தனுப்பிய பொருளைக் கொடுங்கள், அவர்கள் அனுமதித்த போட்டோவைக் காட்டுங்கள். மற்றதற்கு, அவனுக்கு எந்த நாள் விடுமுறை, நம் நேரப்படி எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவான் என்பதை அவனிடமே கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அந்தச் சீட்டை அவன் அம்மா கையில் கொடுங்கள்.